ராணி தலை, ராஜா தலை: பானைக்குள்ள இருக்கிற பழைய ரூபாய் என்ன பெறும்?



எங்க பக்கம் பழைய ஓட்டு வீட்டை இடிக்கிறாங்கன்னா ஊருக்குள்ள ரெண்டு பேச்சு கிளம்பும். ஒண்ணு, "செவுத்துக்குள்ள பானை இருந்துச்சாம்." இன்னொண்ணு, "ஒத்தக் காசுக்கே லட்சக்கணக்குல தர்றாங்களாம், செல்போன்ல வந்துச்சு." முதல் பேச்சு எப்பவாவது நெசமா இருக்கும். ரெண்டாவது பேச்சை நம்பிக் கைப்பணத்தைத் தொலைச்சவங்களை எனக்குத் தெரியும். அதேபோல, பெட்டியில இருந்த நல்ல வெள்ளி ரூபாயைப் பழைய பாத்திரம் கணக்கா எடைக்குப் போட்டுட்டு வந்தவங்களையும் தெரியும். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதாங்க. கையில இருக்கிற காசு என்ன காசுன்னு தெரியாம இருக்கிறது.

டவுன்ல இருக்கிற உங்க வீட்டு அலமாரியிலயும் பாட்டி கொடுத்த நாலு காசு துணியில முடிஞ்சு கிடக்கலாம். அதனால வெள்ளைக்காரன் காலத்துக் காசோட கதையையும், அதுக்கு மதிப்பு எங்கிருந்து வருதுன்னும் எனக்குத் தெரிஞ்ச அளவுல எழுதுறேன். வெள்ளாமை போக மிச்ச நேரத்துல பல வருஷமா இதைச் சேர்த்துக்கிட்டும் படிச்சுக்கிட்டும் வர்றேன்.

காசும் பணமும் வேற வேற

"காசு பணம்" என்று நாம சேர்த்துச் சொல்லிப் பழகிட்டோம். ஆனா ஒரு காலத்துல அது ரெண்டு தனித்தனி நாணயம். சென்னையில கம்பெனி கணக்குப்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். காசு செம்பு, பணம் சின்ன வெள்ளி, வராகன் தங்கம். ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். கம்பெனி அடிச்ச செப்புக் காசில் இங்கிலீஷில் "கேஷ்" என்று போட்டிருக்கும். நம்ம காசு என்ற சொல்தான் அந்த நாணயத்துக்கு அப்படிப் பெயராச்சு.

1818-ல் சென்னை மாகாணத்துக்கு ரூபாய்தான் கணக்குன்னு ஆச்சு. 1835-ல் கம்பெனி ஆட்சி நடந்த எல்லா இடத்துக்கும் ஒரே ரூபாய்ன்னு சட்டம் போட்டாங்க. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு கலப்பு. ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி. "பதினாறணாவும் நெசம்", "காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை" என்று நாம இன்னும் பேசுறதெல்லாம் இந்தக் கணக்குதான். 1957 ஏப்ரல் 1-ல் நூறு பைசா கணக்கு வர்ற வரைக்கும் இதுதான் ஓடுச்சு.

ராஜா தலைக் காசு குடியானவன் வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு? கிஸ்தி மூலமா வந்துச்சு. தாமஸ் மன்றோ கொண்டு வந்த ரயத்துவாரி முறையில ஒவ்வொரு குடியானவனும் நேரா சர்க்காருக்கு நிலவரியை ரொக்கமாக் கட்டணும். நெல்லா, கம்பா அளந்து கொடுத்தா எடுத்துக்க மாட்டாங்க. அதனால வெளைஞ்சதை வித்துக் காசாக்கியே தீரணும். கிஸ்தி கட்டினது போக மிச்சம் இருந்தா அதுவும் வெள்ளி ரூபாய்தான். பேங்க் கிடையாது. பானையும், செவுத்துப் பொந்தும், அடுப்பங்கரை மண்ணும்தான் பேங்க். தங்கசாலைத் தெரு சென்னையில இன்னும் இருக்குது பாருங்க, அந்தப் பேரே அங்க இருந்த நாணயச் சாலையை வெச்சு வந்ததுதான். 1869-ல் அதை மூடிட்டாங்க. அதுக்கப்புறம் நம்ம ஊருக்குக் காசு வந்தது பெரும்பாலும் பம்பாயிலயும் கல்கத்தாவுலயும் இருந்து.

பழசுன்னா விலை அதிகமா?

எல்லாரும் முதல்ல கேக்குறது இதைத்தான்: "இருநூறு வருஷத்துக் காசுங்க, எவ்வளவு வரும்?"

இதுக்கு ஒரு கப்பல் கதை சொல்றேன். 1808-ல் நம்ம சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்துல, மேத்யூ போல்டன் நடத்தின சோஹோ நாணயச் சாலையில, நீராவி இயந்திரத்துல பத்துக் காசு, இருபது காசு செப்பு நாணயம் அடிச்சாங்க. அதை ஏத்திக்கிட்டு 1809 ஜனவரியில கிளம்பின "அட்மிரல் கார்ட்னர்" என்ற கப்பல், இங்கிலாந்துக் கரையைத் தாண்டுறதுக்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கிப் போச்சு. நம்ம தாத்தனுக்கு முப்பாட்டன் கைக்கு வர வேண்டிய காசு, 170 வருஷத்துக்கும் மேலே கடலுக்கு அடியில கிடந்துச்சு. 1980-களில் முக்குளிச்சு எடுத்தப்ப லட்சக்கணக்குல வந்துச்சு. நிறைய காசு பீப்பாய்க்குள்ளேயே கிடந்ததால புதுசு மாதிரி இருந்துச்சு.

இருநூறு வருஷம் தாண்டின காசு, கப்பல் கதையும் சேர்ந்த காசு. ஆனா சந்தையில இந்தப் பத்துக் காசு மலிவாத்தான் கிடைக்குது. காரணம், ஏகப்பட்டது பிழைச்சு வந்துருச்சு. ஒரு காசோட விலையை அதோட வயசு தீர்மானிக்கிறது இல்லை. அடிச்சதுல எத்தனை மிச்சம் இருக்குது, அதை எத்தனை பேர் தேடுறாங்க, அது எந்த நிலையில இருக்குது, இந்த மூணும்தான் தீர்மானிக்குது.

காசுல போட்ட வருஷத்தை அப்படியே நம்பக் கூடாது

வீட்டுல அதிகமாக் கிடைக்கிற பழைய வெள்ளி ரூபாய்ல 1840-ம் 1862-ம் முக்கியமானது. இந்த ரெண்டு வருஷத்துலயும் அவ்வளவு அடிச்சாங்களான்னு கேட்டா, இல்லை. அச்சில் போட்ட வருஷத்தை மாத்தாமலே பல வருஷம் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. 1835 என்று போட்ட வில்லியம் ராஜா காசு 1840 வரைக்கும் ஓடுச்சு. அதுல ராஜா பேருக்குப் பின்னாடி நாலாவது என்கிறதுக்கு நாலு கோடு நேரா போட்டிருக்கும். 1840 என்று போட்ட விக்டோரியா ராணி ரூபாயை 1862 வரைக்கும் அடிச்சாங்க. 1858-லயே கம்பெனி ஆட்சி முடிஞ்சு ராணி ஆட்சி வந்தாச்சு, ஆனா காசுல மட்டும் கம்பெனி பேரு போகலை. அடுத்தது 1862. இந்த வருஷத்தைப் போட்டே பத்து வருஷத்துக்கும் மேலே ஓட்டினாங்க.

அதனால சாதாரண 1862 ரூபாய் கிடைக்கிறது கஷ்டமே இல்லை. ஆனா வருஷத்துக்குக் கீழேயும் மேலேயும் ஊசி முனை மாதிரி புள்ளி வெச்சிருப்பாங்க. அந்தப் புள்ளியை எண்ணித்தான் எந்த நாணயச் சாலை, எந்த வருஷத்து அச்சுன்னு பிரிப்பாங்க. சில புள்ளிக் கணக்கு அபூர்வம். வெறுங்கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு காசுக்கு விலையில பெரிய வித்தியாசம் வரும். ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வெச்சுக்கிட்டீங்கன்னா போதும்.

1877-லிருந்து ராணி பட்டம் "எம்ப்ரஸ்", அதாவது சக்கரவர்த்தினி. 1901 வரைக்கும் அப்படி. அப்புறம் 1903-லிருந்து எட்வர்ட் ராஜா. கிரீடம் இல்லாம வழுக்கைத் தலையோட இருப்பாரு. அதனால "மொட்டைத்தலை ராஜா"ன்னு சொன்னாத்தான் எங்க ஊர்ப் பெரியவங்களுக்குப் புரியும். இதிலிருந்து பெரும்பாலும் அடிச்ச வருஷம்தான் காசுல இருக்கும்.

உலைக்குப் போனதும் தப்பிச்சதும்

எனக்கு இந்தக் காசு வரலாற்றிலேயே ரொம்பப் பிடிச்சது மூணு வருஷம்: 1911, 1918, 1939.

1911-ல் அஞ்சாம் ஜார்ஜ் ராஜாவுக்குப் புதுசா ரூபாய் அடிச்சாங்க. அவர் போட்டிருக்கிற அங்கியில சின்னதா ஒரு யானை உண்டு. அச்சு செதுக்கினதுல அதோட தும்பிக்கை குட்டையாப் போய், பாக்குறதுக்குப் பன்றி மாதிரி இருந்துச்சு. காசு வெளியில வந்ததும் முஸ்லிம் மக்கள் கிட்ட பெரிய வருத்தம் கிளம்புச்சு. சர்க்கார் காசை நிறுத்தி வெச்சு, 1912-ல் யானையைத் திருத்திப் புது அச்சு போட்டுச்சு. சுமார் 94 லட்சம் அடிச்சதுல 7 லட்சம் போலத்தான் வெளியே வந்துச்சு, மிச்சத்தை உருக்கிட்டாங்க. 1911 ரூபாயைப் "பன்றி ரூபாய்"னு தேடி வாங்குறது இதனாலதான்.

1918 நேர் எதிர். முதல் உலகப் போர் நேரம். இந்தியாவுல இருந்து தானியம், சணல், துணின்னு போருக்கு வாங்கிக் குவிச்சாங்க. அதுக்குக் கொடுக்க வெள்ளி ரூபாய் வேணும், கையில வெள்ளி இல்லை. அமெரிக்கா 1918-ல் பிட்மன் சட்டம்னு ஒண்ணு போட்டு, தன்னோட வெள்ளி டாலர்ல சுமார் 27 கோடியை உருக்குச்சு. அதுல பெரும்பகுதி பிரிட்டன் வாங்கி இந்தியாவுக்கு அனுப்பின வெள்ளி. அந்த ஒரே வருஷம் பம்பாயும் கல்கத்தாவும் சேர்ந்து 40 கோடிக்கும் மேலே ரூபாய் அடிச்சுச்சு. உங்க வீட்டுல 1918 ரூபாய் இருந்தா, அமெரிக்க டாலரா இருந்த வெள்ளி அதுல இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கதை பெருசு, ஆனா காசு மலிவு. நாலு வருஷம் தள்ளி 1922-ல் அடிச்சது சுமார் 20 லட்சம்தான். அதைக் கண்டா எடுத்துத் தனியா வையுங்க.

1939 ரூபாய்தான் ஆறாம் ஜார்ஜ் காசுகள்ல ராஜா. நல்ல வெள்ளியில அடிச்ச கடைசி ரூபாய் அதுதான். அடுத்த போர் வந்துட்டதால பெரும்பாலும் உலைக்கே போயிருச்சு. தப்பிச்சது சொற்பம். அதனாலேயே போலியும் இதுலதான் அதிகம். 1938-ஓட கடைசி இலக்கத்தை மாத்தின காசு, வார்ப்புல ஊத்தின காசு எல்லாம் சுத்துது. "எங்கிட்ட 1939 இருக்குது"ன்னு யாராவது கொண்டு வந்தா நான் முதல்ல சந்தேகப்படுவேன், அப்புறம்தான் சந்தோஷப்படுவேன்.

1940 என்ற எல்லைக்கல்

எல்லாத்தையும் மறந்தாலும் இந்த ஒரு வருஷத்தை மட்டும் மறக்காதீங்க. 1940-ல் ரூபாயில வெள்ளியைப் பாதியாக் குறைச்சாங்க. 50 பங்கு வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். பாக்குறதுக்கு அதே அளவு, அதே எடை. 1941-ல் விக்டோரியா ராணி ரூபாய் செல்லாதுன்னு அறிவிச்சாங்க. அடுத்த ரெண்டு வருஷத்துக்குள்ள எட்வர்ட், ஜார்ஜ் தலை போட்ட பழைய நல்ல வெள்ளியும் செல்லாமப் போச்சு. சர்க்கார்ல கொடுத்து மாத்தினது உலைக்குப் போச்சு. "செல்லாட்டிப் போகுது, வெள்ளி வெள்ளிதானே"ன்னு நம்ம பாட்டிமார் கொடுக்காம மறைச்சு வெச்சாங்களே, அதுதான் இன்னைக்கு நம்ம கையில இருக்கிறது. போர்ல அமெரிக்காகிட்ட கடனா வாங்கின வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க, பின்னாடி அந்தப் பாதி வெள்ளிக் காசையும் திரட்டி உருக்கினாங்க.

இது தெரியாட்டி என்ன ஆகும்? எங்க ஊர்ல ஒரு அம்மா, பேத்தி கல்யாணச் செலவுக்கு 40 ராணி ரூபாயை ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனாங்க. "இதெல்லாம் கலப்படம்மா, பாதிதான் வெள்ளி"ன்னு சொல்லி அந்தக் கணக்குலயே காசு கொடுத்து அனுப்பிட்டாங்க. பாதி வெள்ளி என்கிறது 1940-க்கு அப்புறம் வந்த காசுக்குப் பொருந்தும். ராணி ரூபாய்க்குப் பொருந்தவே பொருந்தாது. கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு நல்ல ரூபாயில சுத்த வெள்ளி 10.69 கிராம். 40 ரூபாய்க்கு 427 கிராம். பாதின்னு கணக்குப் போட்டா 233 கிராம். கிட்டத்தட்ட 194 கிராம் வெள்ளி ஒரே ஒரு பேச்சுல போயிருச்சு. அந்த அம்மா கடைசி வரைக்கும் நல்ல விலைக்கு வித்ததாத்தான் நினைச்சிருந்தாங்க. அதுல அபூர்வமான வருஷம் ஏதாச்சும் இருந்துச்சா என்கிறது அடுத்த கேள்வி.

அதனால கணக்கு இதுதாங்க. 1835 முதல் 1939 வரை போட்ட ரூபாய்: 10.69 கிராம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை: 5.83 கிராம். அன்னைய வெள்ளி விலையால பெருக்கினா வர்றது அடிமட்ட மதிப்பு. தேய்ஞ்ச காசுன்னா எடை கொஞ்சம் குறையும். எது எப்படியானாலும் இந்த மதிப்புக்கு ரொம்பக் கீழே கொடுக்க வேண்டியது இல்லை. 1947-ல் வந்த ரூபாயில ஒரு பக்கம் ராஜா, மறு பக்கம் புலி. அது முழுக்க நிக்கல், வெள்ளியே கிடையாது. காந்தத்தைக் காட்டினா ஒட்டிக்கும். நல்ல வெள்ளி ஒட்டாது.

ஓட்டைக் காலணாவும் இதே போர்க் காலத்துப் பிள்ளைதான். செம்பை மிச்சம் பிடிக்க 1943-ல் நடுவுல ஓட்டை போட்டு அடிச்சாங்க, 1947 வரை வந்துச்சு. குழந்தைங்க அரைஞாண் கயித்துல கோத்துக் கட்டினதால எல்லா வீட்டுலயும் ஒண்ணு ரெண்டு கிடக்கும். கோடிக்கணக்குல அடிச்சதுங்க, விலை பெருசா இல்லை. பேரனுக்குக் காட்ட வெச்சுக்குங்க.

தங்கத்துல சவரன் கதையும் இப்படித்தான். நாம எட்டு கிராமை ஒரு சவரன்னு சொல்றது இங்கிலாந்தோட "சாவரின்" காசை வெச்சுத்தான். அதோட எடை 7.99 கிராம், 22 காரட். ஒரு காலத்துல ஒரு சவரனுக்கு 15 ரூபாய் என்கிறதுதான் சட்டப்படி விலை. 1918-ல் மட்டும் பம்பாயில சாவரின் அடிச்சாங்க, இந்தியாவைக் குறிக்கிற "ஐ" எழுத்து சின்னதா அதுல இருக்கும். தங்க விலைக்கு மேலே கொஞ்சம் கூடுதலாத் தேடி வாங்குறவங்க உண்டு.

தேய்க்காதீங்க

விலையைக் கெடுக்கிறதுல முதல் இடம் நம்ம சுத்தத்துக்குத்தான். பூஜைக்கு வைக்கணும்னு புளி போட்டு, விபூதி போட்டுப் பளபளன்னு தேய்ச்சிருவாங்க. வெள்ளி மேல நூறு வருஷமா படிஞ்ச அந்தக் கருமைதான் சேகரிக்கிறவங்களுக்கு அழகு. தேய்ச்சா மேல்மட்டம் கீறல் விழும், முகத்துல இருக்கிற நுணுக்கம் போயிரும். கொக்கி பத்த வெச்ச காசு, காசு மாலைக்கு ஓட்டை போட்ட காசு இதெல்லாம் உலோக விலைக்குத்தான் போகும். ராணியோட கிரீடம், கழுத்து மணி, அங்கியில இருக்கிற பூ வேலை எல்லாம் தெளிவா இருந்தா ஒரு விலை, முகம் வழவழன்னு ஆயிட்டா வேற விலை. ஓரத்தைப் பிடிச்சு எடுங்க, ஒவ்வொண்ணையும் தனித்தனிக் காகிதத்துல மடிச்சு வையுங்க. அவ்வளவுதான் பராமரிப்பு.

போலி பாக்குறதுக்கு மூணு சோதனை. நகைக் கடைத் தராசுல எடை போடுங்க. விரல்ல சுண்டிக் கேளுங்க, நல்ல வெள்ளி நீளமா ஒலிக்கும், வார்ப்புக் காசு மொட்டையா ஒலிக்கும். ஓரத்தைப் பாருங்க, சுத்தி ஒரு ஒட்டுக்கோடு தெரிஞ்சா அது அச்சடிச்சது இல்லை, ஊத்தினது.

அனுமார் காசும் லட்ச ரூபாய் ஆசையும்

கிழக்கிந்தியக் கம்பெனின்னு இங்கிலீஷ்ல எழுதி, 1616, 1818-னு வருஷம் போட்டு, ராமர் பட்டாபிஷேகம், அனுமார் படம் போட்ட செப்புக் காசு நிறையப் பேர் கிட்ட இருக்குது. சாமி காசு, கும்பிட்டுக்குங்க, தப்பில்லை. ஆனா கம்பெனி அப்படி ஒரு காசை அடிச்சதே இல்லை. "அரிசியை இழுக்கும், கோடி ரூபாய்க்குப் போகும்"னு ஒரு கூட்டம் இதையும், இரிடியம் கலசம்னு இன்னொண்ணையும் வெச்சுத் தமிழ்நாடு முழுக்க ஏமாத்துது. தோட்டத்தை அடமானம் வெச்சுக் கொடுத்தவங்க கதையெல்லாம் பேப்பர்ல வந்தாச்சு.

செல்போன் விளம்பரம் இன்னொரு வலை. "உங்க காசை எட்டு லட்சத்துக்கு எடுத்துக்கிறோம், முதல்ல பதிவுக் கட்டணம், வரி கட்டுங்க"ன்னு கேப்பாங்க. காசு வாங்க வர்றவன் நம்மகிட்ட ஏன் காசு கேக்குறான்னு ஒரு நிமிஷம் யோசிங்க. ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லியே இது நடந்ததால, 2021 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கியே, பழைய காசு நோட்டு வியாபாரத்துல தனக்குச் சம்பந்தம் இல்லை, இதுக்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லைன்னு அறிக்கை விட்டுச்சு.

மண்ணுல கிடைச்சா

தாத்தா பெட்டியில இருந்து வந்தது உங்க சொத்து. ஆனா ஏர் ஓட்டும்போதோ, செவுத்தை இடிக்கும்போதோ புதைஞ்சு கிடந்த பானை கிடைச்சா கதை வேற. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்புல இருக்குது. மண்ணிலோ, மண்ணோட சேர்ந்த கட்டடத்திலோ மறைஞ்சு கிடந்து, பத்து ரூபாய்க்கு மேலே மதிப்பிருந்தா கலெக்டருக்கு எழுத்து மூலமாச் சொல்லணும். சொல்லாம மறைச்சா பங்கும் போகும், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலும் உண்டு. சொன்னா எல்லாத்தையும் பிடுங்கிக்குவாங்கன்னு பயப்படுறாங்க. உரிமைக்காரர் யாரும் இல்லைன்னு முடிவாகி, வேற ஒப்பந்தமும் இல்லைன்னா, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்குன்னு அந்தச் சட்டமே சொல்லுது. சர்க்காருக்கு அது வேணும்னா மதிப்புக்கு மேலே அஞ்சில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கலாம். நூறு வருஷம் தாண்டின காசைச் சொந்தமா வெளிநாட்டுக்கு அனுப்பி விக்கிறதுக்கு 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துல இடமில்லை. இதையும் தெரிஞ்சு வெச்சுக்குங்க.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப அந்தத் துணி முடிச்சை அவிழ்த்துப் பாருங்க. வருஷத்தை ஒரு நோட்டுல எழுதுங்க, எடை போடுங்க, புள்ளி இருக்குதான்னு பாருங்க. விக்கணும்னா ஒரே ஆள் சொல்ற விலையை நம்பாம, சேகரிக்கிறவங்க ரெண்டு மூணு பேர் கிட்ட காட்டுங்க. கோவை, சென்னை மாதிரி ஊர்ல நாணயக் கண்காட்சி நடக்கும், அங்க போனா கண்ணும் பழகும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துல பழைய நாணயங்கள் இருக்குது, குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போங்க. அதோட, அந்தக் காசை யார் எப்படிச் சேர்த்தாங்கன்னு வீட்டுல பெரியவங்க இருக்கும்போதே கேட்டு அதே நோட்டுல எழுதிக்குங்க. அதைச் சொல்றதுக்கு அவங்களை விட்டா வேற ஆள் இல்லை.

மஞ்சளுக்குத் தண்ணி பாய்ச்சுற முறை வந்துருச்சு, கிளம்புறேன். அடுத்த பதிவுல பார்ப்போம்.